சடாமாஞ்சிலும் நாலாம் ஓலையும்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது, காற்று இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஆலயத்தில் பதினான்கு மின்விசிறிகள் உண்டு. அன்று பதினொன்று ஓடின. அந்த நிமிடத்தில், சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, என் ஒரே மகளின் கல்யாணத்தை நானே எழுந்து நின்று நிறுத்தினேன்.

இதைப் பாவ அறிக்கையாக எழுதவில்லை. புகார் மனுவாக எழுதுகிறேன். அன்றிலிருந்து என் வீட்டார் இந்தக் கதையைப் பந்தி தவறாமல் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் தரப்பை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் யார் யார் குற்றவாளி என்பது வெளியே வந்துவிடும் அல்லவா?

முதலில் என் கோபம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தப்பைப் பார்த்தால் தப்பு என்று சொல்வது என் தொழில். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதக் கூட்டம் நடக்கும். செயலாளர் ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்பார். நான் எழுந்திருப்பேன். தண்ணீர் லாரிக் கணக்கில் தப்பு, லிஃப்ட் பராமரிப்பில் தப்பு, மொட்டை மாடிக்கு அடித்த பெயிண்டில் இரண்டு டப்பா குறைவு. (இருந்தது சார். டப்பாவை நான் எண்ணினேன்.) ஒன்பது வருஷத்தில் நான் எழுந்திருக்காத தீர்மானம் ஒன்றே ஒன்று. அன்று எனக்குக் கண் ஆபரேஷன்.

இந்தக் குணத்தால் என் மகள் பியூலாவுக்கு முதலில் பேசிய வரன் கெட்டுப்போனது என்று வீட்டில் சொல்வார்கள். நடந்தது இதுதான்: பதினோரு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பன்னிரண்டே கால் மணிக்கு வந்தார்கள். "இதுக்குப் பேர் எங்க ஊர்ல பதினொண்ணு இல்ல" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்த வரன் அமைய மூன்று வருஷம் ஆயிற்று. மாப்பிள்ளை ஆல்வின், கீழ்க்கட்டளை. நல்ல பையன், சொன்ன நேரத்துக்கு வருவான். அவனும் பியூலாவும் ஒரே மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவளாகவே விரும்பிச் சொன்ன ஒரே பெயர் அது. கல்யாணம் பிப்ரவரி எட்டாம் தேதி வியாழக்கிழமை என்று முடிவானது. அதற்கு அடுத்த புதன் சாம்பல் புதன். அன்றைக்கு லெந்து என்கிற நோன்புக் காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. ஆல்வினோ மார்ச் முதல் வாரம் துபாயில் வேலைக்குச் சேரவேண்டும். ஆகவே தேதி தவறினால் தவறியதுதான்.

நிச்சயம் முடிந்த அன்றே பியூலா என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் சண்டை போடக் கூடாது. இதுவும் உங்களால நின்னுச்சுன்னா, அப்புறம் எனக்கு யாரையும் பாக்காதீங்க. நான் தனியா இருந்துக்கறேன்."

அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் பயந்துபோய் சேலையூரில் ஒரு சித்த மருத்துவரிடம் போனேன்.

மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நான் கொண்டுபோயிருந்த இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டைப் பார்த்தார்.

"தூக்கம் எப்படி சார்?"

"நேத்து ராத்திரி நாலு தடவை முழிச்சேன்."

"எண்ணினீங்களா?"

"எண்ணாம எப்படித் தெரியும்?"

சடாமாஞ்சில் எழுதிக் கொடுத்தார். இமயமலைப் பக்கம் விளைகிற ஒரு செடியின் வேர். மேலெல்லாம் முடி முடியாகச் சாமியாரின் சடை மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். மனம் அடங்க, படபடப்பு குறைய, தூக்கம் வர நம் வைத்தியத்தில் நெடுங்காலமாகக் கொடுப்பதாம். முடி கொட்டாமல் இருக்கத் தைலத்திலும் சேர்ப்பார்களாம். (எனக்கு அந்த உபயோகம் முப்பது வருஷம் தாமதம்.) இரவில் வேர்ப்பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் வடிகட்டி அரை டம்ளர், ஒரே வேளை.

"மூலிகைதானேன்னு கூடுதலா எடுத்துக்காதீங்க சார். நீங்க பிரஷர் மாத்திரை வேற சாப்பிடறீங்க. ரெண்டும் சேர்ந்தா ஆளை அசத்திடும்."

"எத்தனை நிமிஷத்துல கோபம் குறையும்?"

"நீங்க இந்தக் கேள்வி கேக்காம இருக்கற அன்னிக்குக் குறைஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கங்க."

எனக்கு அப்போதே கோபம் வந்தது.

அந்த வேரின் வாசனையைப் பற்றி எவரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. மழையில் நனைந்த கோணிப்பையைப் பழைய ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்து ஒரு மாதம் பூட்டித் திறந்தால் வருமே, அந்த வாசனை. முதல் நாள் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் கத்தினேன். மனைவி லில்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் தங்கை கிரேஸ் அதே குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள், எங்கள் வீட்டில் எது நடந்தாலும் படியிறங்கி வந்துவிடுவாள்.

"அத்தான், மூஞ்சை சுளிக்காதீங்க. வேதத்துல வர்ற நளதத் தைலம் இந்த வேர்லருந்துதான் எடுத்தாங்களாம். ஆண்டவருக்கே பூசினது!"

"பூசினாங்க கிரேஸ். குடிக்கக் கொடுக்கல."

"உங்களுக்கு உள்ளதான் பூசணும்" என்றாள் லில்லி.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அளவோடு குடித்தவரை அது நன்றாகவே வேலை செய்தது. ஒரு வாரத்தில் இரவில் இரண்டு தடவைதான் விழித்தேன். கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர் என் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார். அவரிடம் உட்கார்ந்தபடியே பேசினேன். வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியம்தான் வினையானது.

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் போதகர் மணமக்களின் பெயர்களைச் சபை முன் வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். இதற்கு 'ஓலை கூறுவது' என்று பெயர். ஓலை போய்க் கம்ப்யூட்டரில் அடித்த தாள் வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. நான் அந்தச் சபையில் நாற்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் இருமல் கேட்டிருக்கிறேன், குழந்தை அழுது கேட்டிருக்கிறேன். ஆட்சேபணை கேட்டதில்லை.

முதல் ஓலை ஒழுங்காக நடந்தது. இரண்டாம் ஓலையில் போதகர் என் மகளின் படிப்புப் பட்டத்தை வாசிக்காமல் விட்டார். ஆராதனை முடிந்து வாசலில் அவரிடம் கேட்டேன். "கேட்டேன்" என்பது என் சொல். "கத்தினீங்க" என்பது குடும்பத்தாரின் சொல். மூன்றாம் ஓலைக்குச் சம்பந்தி வீட்டாரே கீழ்க்கட்டளையிலிருந்து எங்கள் ஆலயத்துக்கு வந்து, பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. ஆகவே அந்த ஞாயிறு என்னை எப்படியாவது அமைதியாக வைத்திருக்கவேண்டும் என்று மூன்று பெண்கள் தீர்மானித்தார்கள். தனித்தனியாகத் தீர்மானித்தார்கள். கூட்டம் போட்டுத் தீர்மானித்திருந்தால் நான் ஆட்சேபித்திருப்பேன், தப்பித்தும் இருப்பேன்.

லில்லி அன்று காலை அரை டம்ளருக்குப் பதில் முழு டம்ளர் கொடுத்தாள். "வடிகட்டினதுல தண்ணி கூடிப்போச்சு" என்றாள். பொய். கிரேஸ் பாதாம் பால் என்று ஒன்றை மாடியிலிருந்து கொண்டுவந்தாள். அதில் ஏலக்காய் வாசனை ஒரு பங்கு, கோணி வாசனை மூன்று பங்கு. டம்ளர் கழுவாததால் வந்த வாசனை என்று நினைத்து அவள் மனம் நோகக் கூடாதே என்று குடித்தேன். (நான் ஒருவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்த அபூர்வமான சந்தர்ப்பம். பலன் பாருங்கள்.) பியூலா காபி போட்டுக் கொடுத்தாள். காபியிலும் அதே நாற்றம். பால்காரரைத் திட்டிக்கொண்டே குடித்தேன்.

நாலாவதாக ஒன்று உண்டு. அது என் கைவேலை. பியூலா சொன்னது எனக்கு மறக்கவில்லை. பட்டம் வாசிக்கிற விஷயத்தில் போதகர் மறுபடியும் தவறினால் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன ஃபிளாஸ்கில் ஊறவைத்து எடுத்து வந்திருந்தேன். இரும்புலியூர் தாண்டும்போது காரில், வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தேன். இதோடு காலை மாத்திரை வேறு.

ஆலயத்தில் உட்கார்ந்தபோது மனம் பஞ்சுபோல் இருந்தது. சம்பந்தி தேவசகாயமும் அவர் மனைவியும் எனக்கு முன் வரிசையில். திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள், நான் எழவில்லை. மின்விசிறிகளை எண்ணத் தொடங்கினேன். பதினொன்று ஓடியது வரை எண்ணியது நினைவிருக்கிறது. ஓடாத மூன்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்கவேண்டும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு நான் எங்கள் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் இருந்தேன். கனவு என்று எனக்கு எப்படித் தெரியும்? பிளாஸ்டிக் நாற்காலி, காரச்சேவு, செயலாளரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் இருந்தன. அவர் ஏதோ தாளை வாசித்துக்கொண்டே போனார். கடைசியில் ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றார். ஒரு மூச்சு நிறுத்தினார்.

ஒன்பது வருஷப் பழக்கம் ஐயா! முழங்கால் தானாக நிமிர்ந்தது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு!" என்றேன். வகுப்பறைக் குரல். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். "எழுதிக்கங்க!"

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து, மறுபடியும் தூங்கிப்போனேன்.

அடுத்து நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிவேன். சபை மொத்தமும் திரும்பியதாம். பாடகர் குழுவில் ஒரு பெண் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டாளாம். தேவசகாயம் திரும்பி என்னைப் பார்த்திருக்கிறார். நான் கண்ணை மூடி, நிம்மதியாக, முகத்தில் ஒரு புன்னகையோடு இருந்திருக்கிறேன். கடமையை முடித்தவனின் புன்னகை என்று அவர் பிற்பாடு சொன்னார்.

என்னைக் கைத்தாங்கலாகப் போதகர் அறைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தது யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் சும்மா விடமாட்டேன், புதுச் சட்டை.

"சம்பந்தி," என்றார் தேவசகாயம். "என் பையன் மேல என்ன குறைன்னு இங்கயே சொல்லிடுங்க. எதுக்கு உங்களுக்கு ஆட்சேபணை?"

நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நாக்கு வேறு வீட்டில் இருந்தது. அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தேன்.

"எல்லாத்துக்கும்" என்றேன்.

"எல்லாத்துக்குமா! கேட்டீங்களா ஐயா? பெரிய மனுஷன் சிரிச்சுகிட்டே சொல்றார். வா மேரி, போலாம். இவங்க ஏற்கனவே ஒரு குடும்பத்தை வாசல்லயே திருப்பி அனுப்பினவங்கன்னு சொன்னாங்க, நான்தான் நம்பல."

ஆல்வின் மட்டும் அசையவில்லை. "அப்பா, ஒரு நிமிஷம். மாமாவுக்கு உடம்பு சரியில்லபோல இருக்கு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பு பார்த்தான். பியூலா சுவரோரம் நின்றாள். என்னைப் பார்த்தாள், பிறகு பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். பஞ்சு மூட்டைக்குள் இருந்தபடி அதை நான் பார்த்தேன். எழுந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. காலும் வரவில்லை, சொல்லும் வரவில்லை, மனசுக்குள் கோபம்கூட வரவில்லை. என் வாழ்நாளில் கோபம் மிகத் தேவைப்பட்ட ஒரே நேரத்தில் அதை என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள்.

லில்லிதான் முதலில் உடைந்தாள். "ஐயா, அவர் மேல தப்பில்ல. கோவம் வரக் கூடாதுன்னு மருந்தை நான்தான் இன்னிக்கு ரெண்டு பங்கா கொடுத்துட்டேன்."

"ஐயையோ, நீயும் கொடுத்தியா?" என்றாள் கிரேஸ். "நான் பால்ல கலந்து கொடுத்தேனேக்கா!"

பியூலா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "காபில... நான் ஒரு ஸ்பூன் போட்டேன்."

ஆல்வின் என் கோட்டுப் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஃபிளாஸ்கை எடுத்துத் திறந்து முகர்ந்தான். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "மாமாவும் ஒரு ரவுண்டு போட்டிருக்காரு."

தேவசகாயத்தின் மனைவி மேரி முன்னால் வந்தார். லில்லியின் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் கேட்டார்: "இது எந்தக் கடையில கிடைக்குதுங்க? எங்க வீட்டுக்காரருக்கும் ராத்திரி தூக்கம் கிடையாது, விடிஞ்சா எரிஞ்சு விழறார்."

"மேரி!" என்று அதட்டினார் தேவசகாயம்.

"பாத்தீங்களா?" என்றார் மேரி.

முதலில் சிரித்தது போதகர். அவர் சிரித்தபின் மற்றவர்கள் சிரிக்க அனுமதி கிடைத்ததுபோல் ஆயிற்று. தேவசகாயமும் கடைசியில், கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, சிரித்தார். பியூலா சிரிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டை ஈரத்தைத் தன் முந்தானையால் ஒற்றினாள்.

ஆனால் போதகர் சட்டம் தெரிந்தவர். சபை முன் ஆட்சேபணை எழுந்தது எழுந்ததுதான், உளறல் என்று எழுதிக் கொடுத்தாலும் மூன்றாம் ஓலை செல்லாது, அடுத்த ஞாயிறு மறுபடியும் கூறவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு பதினொன்று. புதன்கிழமை லெந்து. நடுவில் மிச்சம் இருந்தவை திங்களும் செவ்வாயும். மாடம்பாக்கத்தில் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்தில் திங்கள் நிரம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலி. செவ்வாயில் யார் சார் கல்யாணம் வைப்பார்கள் என்று மேலாளரே கேட்டார். வியாழனுக்குக் கட்டிய முன்பணத்தில் பிடித்தம் உண்டு என்றும் அதே மூச்சில் சொன்னார். மருந்து இறங்கியிருந்தது. அரை மணி நேரம் அவரோடு பேசினேன். தெருவில் ஆட்டோ நின்று பார்த்தது என்றார்கள்.

சித்த மருத்துவரிடமும் போய்ச் சண்டை போட்டேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "வேரைக் குறை சொல்லாதீங்க சார். நாலு பேர் நாலு தடவை கொடுத்தா பச்சைத்தண்ணிகூட ஆளைச் சாய்க்கும். பல வாரத் தூக்கம் பாக்கி வேற வெச்சிருந்தீங்க, அது ஒரே நாள்ல வசூலாயிருக்கு. உயிரோட வந்தீங்களே" என்று என்னையே திட்டி அனுப்பினார். கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

பதினொன்றாம் தேதி ஞாயிறு. அன்று ஒரு சொட்டு மருந்து இல்லை, லில்லி மருந்து டப்பாவையே மாடிக்கு அனுப்பிவிட்டாள். பியூலா என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். போதகர் நாலாம் ஓலையை வாசித்தார். பட்டத்தையும் வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்டுவிட்டு, மற்ற எவருக்கும் கொடுக்காத நீண்ட இடைவெளி விட்டு, என்னைப் பார்த்தார். சபையே என்னைப் பார்த்தது.

தெளிவாக விழித்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் என் வீட்டில் இருந்த பெண். காலையில் காபி போடுகிறவள், என்னை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள், இன்னும் இரண்டு நாளில் கிளம்பி, மாதம் முடிந்தால் கடல் தாண்டிப் போய்விடுவாள். போன வாரம் தூக்கத்தில் சொன்னதில் அர்த்தம் இல்லை. இந்த வாரம் என் தொண்டையில் இருந்ததில் அர்த்தம் இருந்தது. அவள் பிடி இன்னும் இறுகியது. தலையைக் குனிந்துகொண்டேன். போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆல்வின் சாப்பாட்டு மேசையில் கரண்டியை எடுக்கும் முன் என்னைப் பார்த்து, "மாமா, மீன்குழம்புக்கு ஓலை கூறிட்டேன், பரிமாறலாமா?" என்பான். பியூலா அப்போதுதான் சிரிப்பாள். தேவசகாயம் வீட்டில் இப்போது தினம் அரை டம்ளர் ஓடுகிறதாம், அளவோடு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மண்டபத்துப் பிடித்தம் முப்பத்தைந்தாயிரம், சமையல்காரர் திருப்பித் தராத முன்பணம் பதினைந்தாயிரம், பத்திரிகையை மறுபடி அச்சடிக்க ஒன்பதாயிரத்து இருநூறு, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போன சம்பந்தி வீட்டு உறவினர்களுக்கு இன்னொரு விருந்து நாலாயிரத்து எண்ணூற்று அறுபது, சடாமாஞ்சில் இருநூற்று நாற்பது. மூன்று பெண்களிடமும் பங்கு கேட்டேன். ஒருத்தியும் தரவில்லை. என் மனம் அமைதியடைய நான் கொடுத்தது மொத்தம் அறுபத்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.